மேல்புள்ளி தெரிகிறதா என்று பார்த்து வாங்கிய டேப்

கடைப் பையன் டேப்பில், அதாவது டேப்லெட்டில், போட்டுக் காட்டியது ஏதோ ஓர் அருவி வீடியோ. பச்சைப்பசேலென்று கண்ணைப் பறித்தது. எந்தக் கடைக்குப் போய் எந்தத் திரையைக் கேட்டாலும் இந்த அருவியைத்தான் ஓட விடுகிறார்கள். அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். நான் என் போனிலிருந்து ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் பிடிஎஃப்பை அதற்கு அனுப்பி, "இதைத் திறப்பா" என்றேன். திறந்தான். பெரிதாக்க விடாமல், முழுப் பக்கமும் திரையில் அடங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

"இன்னாக்கா தேடறீங்க?"

"புள்ளி."

அவனுக்குப் புரியவில்லை. அவன் முதலில் காட்டியது 9,500 ரூபாய் டேப். 10.1 அங்குலத் திரை, 1280-க்கு 800 பிக்சல். அதில் 'கற்றல்' என்ற சொல்லைப் பார்த்தால், ற்-இன் தலையில் இருக்க வேண்டிய புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு தூசி படிந்த மாதிரி இருந்தது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன எல்லாம் ஒரே சுருள்கம்பி. அடுத்து எடுத்தது 13,500 ரூபாய் டேப். 10.4 அங்குலம், 2000-க்கு 1200. அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு எழுத்து. புள்ளி தனியாக நின்றது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 149 பிக்சல், இரண்டாவதில் 224. ஆங்கிலம் படிக்க 149 போதும் என்றே சொல்வேன். அந்த மொழியில் தலையில் புள்ளி வைத்த எழுத்து இரண்டுதான், அதுவும் தெரியாவிட்டால் குடி முழுகாது. தமிழில் புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். நமக்குப் பழக்கத்தில் ஓடிவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓடாது. நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது அந்தப் புள்ளிக்காகத்தான். பத்து மாதம் கழித்தும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற சில விஷயங்களில் உண்டு.

நான் வடசென்னைத் தண்டையார்பேட்டையில், அகஸ்தியா தியேட்டர் இருந்த பக்கம், மாடி வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஆறிலிருந்து பத்து வரை பதினான்கு பிள்ளைகள், தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் கலந்து. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டரை ஆகும். ஐந்து வகுப்பு, ஐந்து பாடம், இரண்டு மீடியம் என்று பெருக்கினால் எத்தனை புத்தகம் வரும் என்று பாருங்கள். என்னிடம் இருந்தது அதில் கால்வாசிகூட இல்லை. மீதிக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் புத்தகத்தைத்தான் நம்பியிருந்தேன். "மறந்துட்டேன் மிஸ்" என்று யாராவது ஒருவர் தினமும் சொல்வார்கள். அன்றைக்கு எந்தப் பாடம் நடத்தக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றுகிறதோ அந்தப் புத்தகம்தான் மறந்துபோகும்.

அரசுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். ஆறரை அங்குலத்தில் ஒரு பக்கத்தை நகர்த்தி நகர்த்திப் படிப்பதற்குள், பத்தி எங்கே ஆரம்பித்தது என்பதே மறந்துவிடும். அதனால்தான் டேப்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. இந்த விலையில் பெட்டி மேல் இருக்கும் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான், வரப்போகும் குறைகளும் அப்படித்தான். என்னுடையது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், 7,000 எம்ஏஎச் பேட்டரி, வைஃபை மட்டும், சிம் போட முடியாது. இணையத்தில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. ஆனால் புள்ளியை இணையத்தில் பார்க்க முடியாதே. மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் தாண்டி வண்ணாரப்பேட்டைக்குப் போய், ஒரு சின்னக் கடையில்தான் வாங்கினேன். "பில் வேணாம்னா எண்ணூறு ரூபா கொறச்சிக்கலாம்க்கா" என்றான் பையன். வேண்டாம் என்று பில் போடச் சொன்னேன். பில் இல்லாமல் நாளைக்கு வாரன்டி கேட்டு யாரிடம் போய் நிற்பது?

அந்தப் பில்லும் வேறு விதத்தில் உதவியது. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன்: வரி 18 சதவீதம், நான் கொடுத்தது 13,500, அதில் வரி எவ்வளவு? நாலு பேரில் மூன்று பேர் 2,430 என்று போட்டார்கள். அந்தத் தொகைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்பதைக் கவனித்து 2,059 என்று போட்டது ஒரே ஒரு பெண்தான். மற்ற மூன்று பேரும் மறுநாள் நோட்டில் ஐந்து தடவை போட்டுக் காட்டினார்கள்.

சரி, படிப்பதற்கு இது எப்படி? ரொம்ப நன்றாக. எல்லா வகுப்புப் புத்தகமும் இரண்டு மூன்று ஜிபிக்குள் அடங்கிவிட்டன. வகுப்புக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பாடத்துக்கு ஒரு கோப்பு. சமையலறையில் தட்டு அடுக்கி வைக்கும் ஸ்டீல் ஸ்டாண்ட் ஒன்று சும்மா கிடந்தது, அதில் ஒரு தட்டு நிற்கிற இடுக்கில் டேப்பைச் சாய்த்து வைக்கிறேன். எதிரில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் எழுத்து தெரிகிறது. ஐந்தாவது ஆள் எட்டிப் பார்க்க வேண்டும். புத்தகம் மறந்த பிள்ளைக்கு இப்போது தப்பிக்க வழி இல்லை என்பதால், பத்து மாதத்தில் புத்தகம் மறப்பதே குறைந்துவிட்டது.

நான் எதிர்பார்க்காத ஒரு வசதியும் கிடைத்தது. திரையை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் தமிழ் மீடியம் அறிவியல், வலது பக்கம் அதே பாடம் இங்கிலீஷ் மீடியம் என்று திறந்து வைக்கலாம். ஒளிவிலகல் என்று நான் சொல்லும்போதே ரிஃப்ராக்ஷன் எங்கே இருக்கிறது என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். எழுத்து சின்னதாகிவிடும், பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். ஆனால் முன்பெல்லாம் ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்றேகால் தடவை.

வேகம் என்று எடுத்துக்கொண்டால், இது மெதுவான சாமான்தான், மறைக்க ஒன்றும் இல்லை. சமூக அறிவியலில் வரைபடம் உள்ள பக்கத்தைத் திருப்பினால் முதலில் மங்கலாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் தெளியும். அவ்வளவு நேரம் பரவாயில்லை. புத்தகத்தில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. படிக்கிற வேலையில் கண் முன்னே போகாது, டேப் பின்னே வந்தால் போதும். யூடியூப் பரவாயில்லாமல் ஓடுகிறது. ஆனால் பின்னால் நாலு ஆப் திறந்திருக்கும்போது பிடிஎஃப்புக்குத் திரும்பினால், அது முதலிலிருந்து திறந்து முதல் பக்கத்தில் போய் நிற்கும். எந்தப் பக்கத்தில் இருந்தோம் என்று குழந்தைகளைக் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள்.

கடையில் "எட்டு ஜிபி ரேம்க்கா" என்று சொன்னது இந்த இடத்தில்தான் சாயம் வெளுத்தது. பெட்டியில் நான்கு கூட்டல் நான்கு என்று போட்டிருக்கும். முதல் நான்குதான் நிஜ ரேம். அடுத்த நான்கு 64 ஜிபி இடத்திலிருந்து கடன் வாங்கி, ரேம் மாதிரி பயன்படுத்திக்கொள்வது. அந்த இடத்தின் வேகம் வேறு, ரேமின் வேகம் வேறு. பக்கத்து வீட்டுத் திண்ணையையும் சேர்த்து எங்கள் வீடு பெரிசு என்று சொல்வது மாதிரி. அதை நான் அமைப்புகளுக்குள் போய் அணைத்தே வைத்துவிட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, இடம் மட்டும் கொஞ்சம் மிச்சமானது. 64 ஜிபி என்பதிலும் நமக்குக் கைக்கு வந்தது 46 சொச்சம்தான், மீதியை ஆண்ட்ராய்டும் கூடவே வந்த வேண்டாத ஆப்களும் தின்றுவிட்டன. அந்த ஆப்களில் பாதியை நீக்கலாம், பாதியை முடக்கி வைக்க மட்டும்தான் முடிகிறது. மெமரி கார்டு போட இடம் இருப்பதால் பிழைத்தேன்.

இப்போது எழுதுகிற கதைக்கு வருகிறேன். என் ஏமாற்றம் முழுக்க இதில்தான்.

நான் மனக்கோட்டை கட்டி வைத்திருந்தது இப்படி: டேப்பிலேயே கணக்கைப் போட்டுக் காட்டலாம், பிள்ளைகள் அதிலேயே எழுதிப் பார்க்கலாம், கரும்பலகையும் சாக்பீஸ் தூளும் இனி வேண்டாம். கடையிலேயே ரப்பர் முனைப் பேனா ஒன்றை 150 ரூபாய்க்குச் சேர்த்து வாங்கினேன். "டேப்லயே எழுதலாம்க்கா, நோட்டு மாறி இருக்கும்" என்று அந்தப் பையன் சத்தியம் செய்தான்.

முதல் நாள் 'ழ' எழுதினேன். பேனா சுழியை முடித்து மேலே ஏறிவிட்டது, திரையில் கோடு இன்னும் சுழிக்குள் இருந்தது. கோடு பேனாவுக்குப் பின்னால் ஓடி வருகிறது, அரைக் கணம்தான், ஆனால் கைக்கு அது போதும் குழம்புவதற்கு. மெதுவாக எழுதினால் எழுத்து சரியாக வரும். ஆனால் மெதுவாக எழுதினால் யாருடைய கையெழுத்தோ மாதிரி இருக்கும். வேகமாக எழுதினால் வளைவுகளை வெட்டிவிடும். 'ஞ' என்று எழுதினால் மூலைகள் வைத்த ஏதோ பெட்டி வந்தது. வளைவும் சுழியுமாக இருக்கிற தமிழுக்கு இது பெரிய கொடுமை. நேர்கோடாக எழுதுகிற எண்கள் கொஞ்சம் தேவலை, 1, 4, 7 நன்றாக வரும், 8 வராது.

அப்புறம் உள்ளங்கை. நோட்டில் எழுதுகிற எல்லாரும் கையை நோட்டின் மேல் வைத்துத்தானே எழுதுகிறோம்? இந்தத் திரைக்கு அது கையா பேனாவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரப்பர் முனைப் பேனா என்பது இன்னொரு விரல், அவ்வளவுதான். கையை வைத்ததும் பக்கம் நகர்ந்துவிடும், அல்லது உள்ளங்கை அடியில் ஒரு கோடு விழுந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போர்டு எழுதுகிற பெயின்டர் மாதிரி இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதி முடித்தான். "கை வலிக்குது மிஸ், நோட்டுலயே போட்டுக்கறேன்" என்றான். நியாயம்தான்.

பேட்டரி வைத்து, முனை அழுத்தத்தை உணர்கிற உண்மையான பேனாவுக்கு டேப்பே அதற்கான வசதியோடு வந்திருக்க வேண்டும். அந்த மாதிரி டேப்கள் இந்த விலைக்கு நிறைய மேலே. பின்னால் பேனா மட்டும் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரைக்கு அடியில் அதற்கான அமைப்பு இல்லாவிட்டால் எந்தப் பேனாவும் விரல்தான். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் 150 ரூபாய் மிச்சம். கரும்பலகை அதே இடத்தில் தொங்குகிறது, சாக்பீஸ் தூளும் அதே இடத்தில்.

சார்ஜ் ஏறுகிற வேகத்தைப் பற்றிக் குறை சொல்லலாம் என்றிருந்தேன், அதுவும் ஒரு பாடமாகிவிட்டது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் நடத்திக்கொண்டிருந்த வாரம். பெட்டியோடு வந்த சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் இருப்பதை ஒரு பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். 5 வோல்ட், 2 ஆம்பியர். திறன் என்ன? பெருக்கினால் 10 வாட். பேட்டரி 7,000 மில்லி ஆம்பியர் மணி, அதன் மின்னழுத்தம் 3.85 வோல்ட். ஆற்றல்? கிட்டத்தட்ட 27 வாட் மணி. அப்படியென்றால் முழுதாக ஏற எவ்வளவு நேரம்? 2.7 மணி, அதாவது இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாள் நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்தேன். மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. மிச்ச நிமிடம் எங்கே போனது என்று கேட்டேன். ஒருத்தி எழுந்து போய்ச் சார்ஜரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "சூடு மிஸ்!" பாதி பதில் அதுதான். மீதிப் பாதி, கடைசி இருபது சதவீதத்தை எல்லா பேட்டரியுமே நிதானமாகத்தான் ஏற்றிக்கொள்ளும். என் வீட்டுக்காரருடைய 33 வாட் போன் சார்ஜரைச் செருகினால் சீக்கிரம் ஏறுமா என்று ஒரு பையன் கேட்டான். செருகிப் பார்த்தோம், ஏறவில்லை. கொடுக்கிறவன் அள்ளிக் கொடுத்தாலும், வாங்குகிற பாத்திரம் 10 வாட்டுக்கு மேல் வாங்காது.

பேட்டரி நிற்பதில் குறை இல்லை. மூன்று மணி நேர டியூஷனுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் குறைவதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். மே மாதம் கரண்ட் போன ஒரு சாயங்காலம் வைஃபையும் போனது, ஃபேனும் போனது, புத்தகங்கள் உள்ளேயே இருந்ததால் பாடம் போகவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே மொட்டை மாடிக்குப் போய் உட்காரலாம் என்று போனதுதான் தப்பு. வெயில் இறங்குகிற நேரத்திலும் திரையில் என் முகமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரிந்தன. இருட்டின பிறகுதான் படிக்க முடிந்தது. வெளியில் உட்கார்ந்து பயன்படுத்த நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் இன்னொரு குறை. இரண்டு ஸ்பீக்கர், பக்கத்துக்கு ஒன்று. பூட்டிய அறையில் ஒருவர் படம் பார்க்கப் போதும். எங்கள் வீடு டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டாவது சந்தில். ராத்திரி ஏழு மணிக்குக் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் டேப்பில் பேசுகிறவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். ஆடி மாதம் கேட்கவே வேண்டாம், தெரு முனை அம்மன் கோயில் மைக்கோடு போட்டி போடுகிற சாமான் இன்னும் தயாராகவில்லை. நல்லவேளை இதில் ஹெட்போன் துளை இருக்கிறது. பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரை இறக்கி ஒயர் போட்டு மாட்டினேன். விலை கூடின டேப்களில் பலவற்றில் இந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். இது இன்னும் ஏழைகளுக்கு மிச்சம் வைத்த ஒரு வசதி.

கேமரா: இருக்கிறது. பிள்ளைகளின் விடைத்தாளைப் படம் எடுத்தால், ட்யூப்லைட் வெளிச்சத்தில், பென்சிலில் எழுதியது எல்லாம் மேகமாக வரும். அதற்கு என் போன்தான்.

பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கும், ஸ்கேன் செய்தால் வீடியோவோ கூடுதல் பாடமோ வரும். ஆனால் என் புத்தகமே டேப்புக்குள் இருக்கிறது. தன் திரையில் இருப்பதைத் தானே எப்படி ஸ்கேன் செய்யும்? கண்ணாடி இல்லாமல் தன் முதுகைத் தானே பார்க்கிற கதை. கொஞ்ச நாள் போனைக் கொண்டுவந்து டேப்புக்கு எதிரில் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் மாணவி ஒருத்திதான், அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் அதுவே படித்துக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தாள். பத்து வருடமாக நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஊரில் பேச்சு.

சிம் இல்லாத மாடல் வாங்கியதில் இரண்டாயிரம் மிச்சம். வீட்டில் வைஃபை இருந்தால் இதுவே போதும். போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பி இருப்பவர்கள் சிம் போடுகிற மாடலைப் பார்ப்பது நல்லது, இல்லாவிட்டால் போன் பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடும்.

பிள்ளைகள் கையில் கொடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டு வருவதற்குள் அறிவியல் புத்தகம் இருந்த இடத்தில் கிரிக்கெட் ஓடும். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்பைத் திரையிலேயே குத்தி நிறுத்துகிற வசதி உண்டு, ஆப் பின்னிங் என்று பெயர். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் தேடினால் கிடைக்கும். பிடிஎஃப் ஆப்பைக் குத்திவிட்டால் வேறெங்கும் போக முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாளே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கீழே இருக்கிற இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் விடுபட்டுவிடும் என்று கண்டுபிடித்துவிட்டான். வெளியேறும்போது பின் என்கிற ரகசிய எண்ணைக் கேட்க வேண்டும் என்று அதே இடத்தில் இன்னொரு தேர்வு இருக்கிறது, அதையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பையன் இப்போது என் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

என் தம்பியின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவன் திருவொற்றியூரில் இருக்கிறான். எனக்கு ஒரு வருடம் முன்னால், எட்டாயிரம் சில்லறைக்கு, படம் பார்க்க என்றே ஒரு டேப் வாங்கினான். யூடியூபில் பளிச்சென்று இருந்த படம், காசு கட்டிப் பார்க்கிற ஆப்களில் மட்டும் பழைய கேபிள் டிவி மாதிரி கலங்கித் தெரிந்தது. நெட் சரியில்லை என்று ஆறு மாதம் நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தான். விஷயம், படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கிற வைட்வைன் என்கிற பாதுகாப்பு முறையில். அதில் எல்1 என்று சான்று இருந்தால்தான் அந்த ஆப்கள் தெளிவான படத்தைக் கொடுக்கும். எல்3 என்றால் 480 வரிக்கு மேல் பெரும்பாலும் தராது, திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும். இதைப் பெட்டியில் போட மாட்டார்கள். கடையிலேயே டிஆர்எம் இன்ஃபோ மாதிரி ஏதாவது ஓர் இலவச ஆப்பை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். என்னுடையதில் எல்1 இருந்தது, ஆனால் அதைப் பார்த்து நான் வாங்கவில்லை, அதிர்ஷ்டம்தான்.

அதே டேப் அவன் கட்டிலிலிருந்து விழுந்து திரை விரிசல் விட்டது. சர்வீஸ் சென்டரில் திரை மாற்ற 5,800 கேட்டார்கள். கேட்டவன் விரிசலுக்கு மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டு வந்துவிட்டான். அதைப் பார்த்துத்தான் நான் நாலு மூலையும் தடித்த ரப்பர் கவர் ஒன்று 600 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். கவரோடு சேர்த்து முக்கால் கிலோ வருகிறது, ஒற்றைக் கையில் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியாது. அந்தக் கவரில் சார்ஜ் துளைக்கு ஒரு மூடி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடல் பக்கத்துக் காற்றில் எங்கள் ஜன்னல் கம்பிக்கே வருடம் ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது.

அப்டேட் இதுவரை மூன்று தடவை வந்தது. எத்தனை வருடத்துக்கு வரும் என்று வாங்கும்போதே கம்பெனி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.

பிறகு என் மாமியார். டியூஷன் இல்லாத நேரமெல்லாம் டேப் அவருடையது. காலையில் காசிமேட்டிலிருந்து நெத்திலியோ சங்கராவோ வந்தால் சமையலறைத் தரையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தட்டு ஸ்டாண்ட் இடம் மாறி அவருக்கு எதிரில் வரும், அதில் டேப், டேப்பில் பழைய பாட்டு. மீன் அரிகிற கையோடு அடுத்த பாட்டுக்குத் தொட்டால் டேப் கேட்காது. ஈர விரலில் தொட்டால் திரை ஒன்று சும்மா இருக்கும், இல்லாவிட்டால் வேறெங்கோ ஓடும். ஒருநாள் தானாகவே யாருக்கோ வீடியோ கால் போய்விட்டது. முழங்கையால் தொட்டுப் பார்த்தார். "இன்னாம்மா இது, மீன் வாட வந்தா மூஞ்ச திருப்பிக்குது" என்றார்.

"இருங்க அத்தே" என்று மேசை டிராயரில் கிடந்த அந்த 150 ரூபாய் ரப்பர் முனைப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையில் பிடித்தும் அழகாக வேலை செய்தது. 'ழ' எழுதத்தான் அதற்கு வராது, ஒரு இடத்தில் தொட வரும். இப்போது அதை ஒரு சணல் கயிற்றில் கட்டி, அரிவாள்மணை மாட்டுகிற ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறார்.